முதல் வேண்டாம்

வெண்ணெய் போய்விட்டது. அது போன வழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த விடுதியில் பரிமாறுகிற, கறுப்பு அங்கி போட்ட பெண்ணொருத்தி, என் மகள் தாரிணியைவிடச் சின்னவள், சூடான ரொட்டிக் கூடையையும் வழுவழுப்பான ஒரு கல்லின் மேல் வைத்த வெண்ணெயையும் ஏந்தி வந்து, எடுத்துக்கிறீங்களா மேடம் என்று கேட்டாள். என் வாய், என்னைக் கேட்காமலே, வேண்டாமுங்க என்றது. அவள் சிரித்தாள், தலையைச் சாய்த்தாள், போயே விட்டாள். இன்னொரு தடவை கேட்பாள் என்று கையைக்கூட மடியிலிருந்து பாதி எடுத்து வைத்திருந்தேன். என்ன வெண்ணெய் அது. பாலேட்டை ஒரு ராத்திரி உறையவிட்டுப் பிறகு கடைந்த வெண்ணெய், லேசான புளிப்பு, அடியில் ஒரு கொட்டை வாசனை. முப்பத்தொரு வருடம் பால் பண்ணையில் மூக்கை வைத்துச் சம்பாதித்தவள் நான், மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தே அது தெரிந்துவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள், எனக்கு எட்டியதை என் வாயே தட்டிவிட்டது. எதிரே மேல்மாடிக் கிருபாகரன் சார் ஒரு சின்ன ரொட்டியை எடுத்துக்கொண்டு, மேடத்துக்கு வேண்டாம், சரி, என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிக்கொண்டார். அவர் அப்படித்தான், கேட்டதை ஒரு தடவை திருப்பிச் சொல்லுவார். சொல்லிவிட்டால் அதோடு அந்த விஷயம் முடிந்தது.

இந்த வாயை என்ன செய்வது. கோபிச்செட்டிப்பாளையத்துப் பக்கம் பிறந்த வாய் இது. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால் காப்பி குடிக்கிறீங்களா என்று கேட்பார்கள், இப்பத்தானுங்க குடிச்சோம் என்று சொல்ல வேண்டும், குடித்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தாலும். அட, அதனாலென்னங்க என்பார்கள். வேண்டாமுங்க, சிரமம் எதுக்கு என்போம். அதற்குள் உள்ளே அடுப்பு பற்றியிருக்கும். மூன்றாம் தடவை கேட்கும்போது சரி, அரை டம்ளர் போதுமுங்க என்போம், நுரை ததும்ப முழு டம்ளர் வரும். முதல் வேண்டாமை யாரும் காதில் வாங்குவதே இல்லை, அது தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு காப்பி போடாமல் விட்டவர்களை எங்கள் பக்கம் மன்னிக்கவே மாட்டார்கள். ஒருக்கா கேட்டுட்டு விட்டுட்டாங்க என்று இருபது வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் வைத்துச் சொல்லுவார்கள். என் வீட்டுக்காரர் குழந்தைவேல் இருந்தவரைக்கும் எனக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை, அவரும் அதே ஊர்ப் பக்கம். ஒரு கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டு வந்தார், எதுக்குங்க இதெல்லாம் என்றேன், வேண்டாமுங்க என்றேன், திருப்பிக் கொடுத்துட்டு வாங்க என்றேன், அவர் பேசாமல் என் கையைப் பிடித்துக் கட்டிவிட்டார். அவர் போய் இருபத்தொரு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் என்னை யாரும் மூன்று தடவை கேட்டதில்லை.

இந்த மனிதரோ ஒரே தடவைதான் கேட்பார். போன ஐப்பசியில், இதே புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காலை நடையின்போது கேட்டார். எங்கள் குடியிருப்பில் அவர் இரண்டாவது மாடி, நான் முதல் மாடி, நான்கு வருடப் பழக்கம், மனைவியை இழந்து பத்து வருடம் ஆன மனிதர். மீனம்பாக்கத்தில் விமானங்களுக்கு வழி சொல்கிற வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மேலே ஒரு விமானி, கீழே இவர், நடுவில் ஒரு வானொலி. இவர் சொன்னதை அவன் திருப்பிச் சொல்ல வேண்டும், அவன் சொன்னதை இவர் சரிபார்க்க வேண்டும், இறங்கு என்றால் இறங்கு, வேண்டாம் என்றால் வேண்டாம். அங்கே யாராவது மரியாதைக்காக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு விமானம் முட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் காலையில், அலை சத்தத்துக்கு மேலே, தெளிவாக, மேடம், நாம ரெண்டு பேரும் பதிவுத் திருமணம் பண்ணிக்கலாமா, ஒரே வீட்டுல இருக்கலாமே என்று கேட்டார். எனக்கு நெஞ்சு ஒரு தடவை குதித்தது, சந்தோஷத்தில்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாய் சொன்னது, அதெல்லாம் வேண்டாமுங்க. சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், இரண்டாம் தடவைக்காக. அவர் என் பக்கம் திரும்பினார். அப்புறம், வேண்டாம்னு சொல்றீங்க, அப்படித்தானே என்றார். நானும் ஆமாங்க என்றேன், ஏனென்றால் இரண்டாவது மறுப்பும் நம் கணக்கில்தான் வருகிறது, மூன்றாவதில்தானே சரி சொல்ல வேண்டும். சரி மேடம், புரிஞ்சது, என்றார். மறுநாளும் நடக்க வந்தார். கோபம் இல்லை, முகச் சுளிப்பு இல்லை, தக்காளி விலையைப் பற்றிப் பேசினார். எட்டு மாதமாகக் காத்திருக்கிறேன். தொலைபேசியில் சொன்னபோது தாரிணி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த மனுஷனுக்கு எப்படிம்மா தெரியும், நீதான் போய்ச் சொல்லணும் என்றாள். நானாகப் போய் எப்படிச் சொல்வது, இந்த ஐம்பத்தெட்டு வயதில்.

ஆனால் இன்றைக்கு. இன்றைக்கு ஏதோ இருக்கிறது. நேற்றோடு எனக்கு வேலை முடிந்தது, சால்வை போட்டார்கள், நல்லபடியாகப் பேசினார்கள், சோதனைக் கூடத்துப் பிள்ளைகள் அழுதார்கள். அதைக் கொண்டாட என்று இந்த பிரெஞ்சுக்கார விடுதியில் மதியச் சாப்பாட்டுக்கு மூன்று வாரத்துக்கு முன்பே இடம் சொல்லி வைத்திருக்கிறார் சார். ஏழு சுற்றுச் சாப்பாடு, கூடவே ஒயின். ஆட்டோவில் வரும்போது, சாப்பிட்டு முடிச்சதும் உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும் மேடம் என்றார், என்னைப் பார்க்காமல், ஆட்டோக்காரர் முதுகைப் பார்த்து. கேட்கப் போகிறார். எட்டு மாதம் கழித்தாவது இரண்டாம் தடவை வந்துவிட்டது. தாரிணியிடமிருந்து காலையில் ஒரே வரி வந்தது, அம்மா, இன்னைக்கு ஒரு நாளாவது வேண்டாம்னு சொல்லாத என்று. வந்து உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் வெண்ணெயை விட்டாயிற்று. பரவாயில்லை, அது ஒத்திகை. மூச்சை இழுத்து விடுகிறேன். வெள்ளை மேசைத் துணி, ஜன்னலுக்கு வெளியே கடல், ஆளுக்கு மூன்று தண்டு வைத்த கண்ணாடிக் கிண்ணம், எது எதற்கென்று தெரியவில்லை. தாரிணி ஆறு வருடத்துக்கு முன்பு வாங்கித் தந்த சென்ட்டை இன்றைக்குத்தான் பிரித்தேன். பண்ணையில் வாசனை சோப்பு, பவுடர், பூ எதுவும் கூடாது, பாலின் வாசனை மூக்குக்குத் தெரியாமல் போய்விடும். இன்றைக்கு அந்தக் கவலை இல்லை என்று கழுத்தில் மூன்று தடவை அடித்தேன். கொஞ்சம் அதிகம்தான். மின்தூக்கியில் சார் ஒரு தும்மல் போட்டார்.

ஒயின் வருகிறது. கொண்டு வருகிறவர் பெயர் மிஷேல் என்று சட்டையில் எழுதியிருக்கிறது, பெயர்தான் அப்படி, பேச்சு நம் முத்தியால்பேட்டைத் தமிழ். புட்டியைக் குழந்தையைக் காட்டுவதுபோலச் சாரிடம் காட்டுகிறார், சார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு அதில் எழுதியிருப்பதை முழுக்கப் படிக்கிறார், திருப்பியும் சொல்லுகிறார். தக்கையை உருவி ஒரு தட்டில் வைத்துவிட்டு, சாரின் கிண்ணத்தில் ஒரு வாய் ஊற்றுகிறார். அவ்வளவுதானா என்று பார்த்தேன், இல்லை, அது ருசி பார்க்கவாம். ஓ. எங்கள் பண்ணையில் நான் செய்ததுதான் இது. அதிகாலையில் லாரி வந்து நிற்கும், கேன்களை வரிசையாக இறக்குவார்கள், மூடியைத் திறந்ததும் பாலைப் பார்க்க மாட்டேன், மூடியின் உள்பக்கத்தை மோந்து பார்ப்பேன். வாசனை எல்லாம் மூடியில்தான் தங்கும். ஒரு மோப்பம், ஒரு கேன், அடுத்தது, அடுத்தது, ஒரு காலைக்கு இருநூறு. சார் ஒரு வாய் குடித்துவிட்டு நல்லாருக்கு என்றார். மிஷேல் என் கிண்ணத்தில் ஊற்ற வந்தார், மஞ்சள் கலந்த தண்ணீர் நிறம், வெயில் பட்டுப் பளபளக்கிறது, என் வாழ்க்கையின் முதல் ஒயின். எனக்குச் சிரிப்பாகவும் பயமாகவும் இருக்கிறது. கிண்ணத்தைத் தூக்கினேன், மூக்கு தானாகப் போனது, போய் நின்றுவிட்டது. சாக்கு. நனைந்து, காயாமல் மடித்து வைத்த சாக்கு. இது ஒயினின் வாசனையா, எனக்கென்ன தெரியும், நான் குடித்திருக்கிறேனா. என் சென்ட்டா. முகத்தைத் திருப்பி ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடி மோந்தேன். சென்ட் வேறு, இது வேறு, சென்ட்டுக்குக் கீழே படுத்துக்கிடக்கிறது. இதை எனக்குத் தெரியும். கேன் மூடியின் ரப்பர் வளையத்தைச் சரியாகக் கழுவாமல் விட்டால் அதில் ஒரு பூஞ்சை பிடிக்கும், அந்தக் கேன் வந்தால் இதேதான் வரும். அந்தக் கேனைத் திருப்பி அனுப்புவேன். ஆனால் இது பண்ணை இல்லையே, விருந்து. ஒருத்தர் நம்மை அழைத்து வந்து உட்காரவைத்துச் செலவு செய்கிறார், அதில் போய் நொட்டை சொல்வதா. கல்யாணப் பந்தியில் பாயசம் தீய்ந்திருந்தால்கூட அருமை என்றுதான் சொல்ல வேண்டும் என்று வளர்த்தார்கள். சார் ஆசையாகப் பார்க்கிறார், எப்படி இருக்குது என்று கேட்கிற முகம். குடித்துவிட்டால் முடிந்தது, ஒரு கிண்ணம்தானே. மிஷேல் புட்டியைப் பனிக்கட்டி வாளியில் வைக்கப் போகிறார். வைத்துவிட்டால் போச்சு. சாரும் இதையேதான் இரண்டு மணி நேரம் குடிக்கப் போகிறார், நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டே.

"இது வேண்டாமுங்க" என்றேன். "கெட்டுப் போயிருக்குதுங்க."

என் குரலை நானே கேட்டேன். அது வீட்டுக் குரல் இல்லை, பண்ணையின் இறக்குமேடைக் குரல். முப்பத்தொரு வருடம் அந்தக் குரலில் நான் வேண்டாம் என்று சொன்னால் அது வேண்டாம்தான். கேட்பார்கள், கெஞ்சுவார்கள், அதிகாரிக்குத் தொலைபேசி போடுவார்கள், ஆனால் கேன் திரும்பிப் போகும். அதே வாய், அதே வார்த்தை. எனக்கு இதுவரைக்கும் தோன்றவே இல்லை பாருங்கள், அந்தக் குரலை நான் வாசல் படியோடு கழற்றிவைத்துவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். மிஷேல் முகம் மாறவில்லை. தக்கையை எடுத்து மோந்தார், வேறொரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றி மோந்தார், கண்ணை மூடினார். நான் செத்தேன் என்று நினைத்தேன். அவர் சொன்னார், மேடம் சொல்றது சரி சார், தக்கையில பூஞ்சை ஏறிருக்குது, ரொம்ப லேசு, நானே விட்டிருப்பேன், மன்னிச்சிக்குங்க. அந்தப் புட்டி போனது, வேறொன்று வந்தது, இந்தத் தடவை ருசி பார்க்கிற ஒரு வாயை என் கிண்ணத்தில் ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எலுமிச்சைத் தோல், மழைக்கு முன்னால் வருகிற காற்று, பச்சைப் பேரிக்காய். நல்லாருக்குதுங்க என்றேன், அதற்கு மேல் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை, காது மடல் வரைக்கும் சூடாகிவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சார் என்னைப் பார்த்த பார்வை ஒன்று இருக்கிறதே, அதற்காக இன்னும் நாலு புட்டியைத் திருப்பி அனுப்பலாம்.

அதற்கப்புறம் எல்லாம் ஓட்டம்தான். பூசணிச் சாற்றில் ஒரு சொட்டு எண்ணெய் மிதந்து வந்தது. ஒரே ஒரு இறால், பெரிய தட்டின் நடுவில், ஊருக்குப் புதிதாக வந்தவரைப்போலத் தனியாக, சுற்றிலும் மாங்காய்ப் புளிப்புள்ள ஒரு சாறு. அதை எப்படி வெட்டுவது என்று சார் கத்தியை வைத்துக்கொண்டு யோசித்ததில் எனக்குச் சிரிப்பு வந்தது. காடையின் தொடையைக் கையால் எடுத்துக் கடித்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் கிண்ணம் சிவப்பு, அது நாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுக்கிறது, நாவற்பழம் தின்றபின் இருக்குமே அப்படி. தலை லேசாக இருக்கிறது. நான் நிறையப் பேசுகிறேன். பண்ணைக்கு வந்த முதல் வாரத்தில், எருமைப் பாலையும் பசும்பாலையும் கண்ணை மூடிக்கொண்டு சொல் பார்க்கலாம் என்று மேலாளர் வைத்த பந்தயத்தைச் சொன்னேன், சார் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்தால் கண் காணாமல் போய்விடும். ஒவ்வொரு தட்டு போகும்போதும் ஒரு சுற்று முடிந்தது என்று எண்ணுகிறேன், நான்கு, ஐந்து, இன்னும் இரண்டுதான், அப்புறம் கேட்பார். கேட்டால் என்ன சொல்வது. சரிங்க என்று உடனே சொல்லிவிடலாமா. உடனே சொன்னால் காத்துக்கொண்டிருந்தாள் என்றுதானே ஆகும். காத்துக்கொண்டுதானே இருந்தேன். கோபியில் கொழுந்தனார் என்ன சொல்வார், பேரன் பேத்தி எடுக்கிற வயசில் இவளுக்கு என்ன கேடு என்பார், சொல்லட்டும், இருபத்தொரு வருடத்தில் எனக்குக் காய்ச்சல் என்று கேட்டு ஒரு நாள் வந்தாரா. ஒரே ஒரு தடவை மட்டும் வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டு, அவர் திருப்பிச் சொல்வதற்குள், இல்லீங்க, சரிங்க என்றால்? வேண்டாம். சே, பாருங்கள், எதற்கெடுத்தாலும் இந்த வார்த்தை. நேராகச் சொல்லிவிட வேண்டும். சரிங்க. நாலே எழுத்து. மடியில் இருந்த துணிக்கு அடியில் விரலை மடக்கி மடக்கிப் பழகிக்கொள்கிறேன், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி.

ஆறாவது சுற்று பாலாடைக்கட்டி, மூன்று துண்டு, மூன்று விதம். இது என் ராச்சியம். ஒன்று ஆட்டுப்பால், இளசு, ஒன்று கெட்டி, ஒரு வருடமாவது இருட்டில் கிடந்திருக்கும், ஒன்றில் நீலப் பூஞ்சை, இது வேண்டுமென்றே வளர்த்தது, நல்ல பூஞ்சை. சாருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி இருந்தார், ஆனால் கண் தட்டிலேயே இல்லை. கத்தியையும் முள்ளையும் இணையாக வைத்தார், துணியால் வாயைத் துடைத்தார். மேடம், அந்த விஷயம் என்றார். சொல்லுங்க என்றேன், சொன்னேனா என்றுகூடத் தெரியவில்லை.

"இந்த மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்றேன் மேடம். திருச்சில தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்துல ஒரு இடம் பார்த்தாச்சு."

திருச்சி. அந்த ஊர்ப் பெயர் மேசை மேல் விழுந்து கிடக்கிறது, அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் பேசிக்கொண்டே இருக்கிறார், நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக, யோசித்து வைத்ததைச் சொல்கிறவர்போல. அன்றைக்கு நான் வேண்டாம் என்று சொன்னதில் அவருக்கு எந்த வருத்தமும் இல்லையாம், அது என் உரிமையாம். பழையபடி நண்பர்களாக இருந்துவிடலாம் என்று எட்டு மாதம் முயற்சி செய்து பார்த்தாராம். தினமும் காலையில் கூட நடப்பது அவருக்கு லேசாக இல்லையாம். வேலையில் இருக்கும்வரை சொல்லி என்னைக் குழப்பக் கூடாது என்று இருந்தாராம், வேலை முடிந்துவிட்டது, அதனால் சொல்கிறாராம். ஒரு நல்ல சாப்பாட்டோடு விடைபெற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். விடைபெற. அப்படியென்றால் இந்த மேசை, இந்தக் கடல், மூன்று வாரத்துக்கு முன்பே இடம் சொல்லிவைத்தது, எல்லாம் அதற்கு. நான் என்னவெல்லாம் நினைத்துக்கொண்டு கழுத்தில் மூன்று தடவை சென்ட் அடித்துக்கொண்டு வந்தேன். என் வாய் திறக்கிறது, அது என்ன சொல்லப் போகிறதென்று எனக்குத் தெரியும். அப்புடீங்களா, சரிங்க, உங்க சௌகரியம் எப்படியோ அப்படிப் பண்ணுங்க. அதுதான் மரியாதை. போகிறவரைத் தடுக்காமல் வாசல்வரை வந்து வழியனுப்பி, அடிக்கடி வாங்க என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டு அப்புறம் சமையலறையில் போய் நின்றுகொள்ளலாம். மூன்றாம் மாதம் இரண்டாவது மாடியில் வேறு யாராவது குடிவருவார்கள். அந்தச் சரிங்கவை நான் எதற்குப் பழகினேன், எதற்குச் செலவழிக்கப் போகிறேன்.

மிஷேல் சின்னப் புட்டியோடு வந்து நிற்கிறார், இது இனிப்பு ஒயின் மேடம், கடைசிச் சுற்றுக்கு, கொஞ்சம் ஊத்தட்டுமா என்கிறார். ஊத்துங்க என்றேன். முதல் தடவையிலேயே. நிறைய ஊத்துங்க என்றேன். அவர் ஊற்றிவிட்டுப் போகும்வரை காத்திருந்தேன், குடிக்கவில்லை, கிண்ணத்தின் தண்டைப் பிடித்துக்கொண்டேன், எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஏனுங்க, அன்னிக்கு நான் வேண்டாம்னு சொன்னது வேண்டாம்னு இல்லீங்க" என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். நான் திருப்பிக் கேட்டேனே மேடம், நீங்க ஆமான்னு சொன்னீங்களே என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை, ஒலிப்பதிவைச் சரிபார்க்கிற குரல். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. காப்பியைச் சொன்னேன், மூன்று தடவையைச் சொன்னேன், கைக்கடிகாரத்தைச் சொன்னேன், இதோ இப்போது போன வெண்ணெயைக்கூடச் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன். எங்க ஊர்ல முதல் வேண்டாம் கணக்குல வராதுங்க, இன்னொருக்கா கேப்பீங்கன்னு எட்டு மாசமா நின்னுக்கிட்டே இருக்கறேனுங்க என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது, உடையட்டும். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு விமானம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போனால் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாரோ என்னவோ. இதை எனக்கு யாருமே சொல்லலையே என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். யார் சொல்வார்கள், நான்தான் சொல்லியிருக்க வேண்டும். இதற்கு மேல் இவரை இரண்டாம் தடவை கேட்கச் சொல்ல எனக்கு வாயில்லை. அவர் கேட்டாயிற்று, ஒழுங்காக, ஒரு மனிதர் எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படிக் கேட்டாயிற்று. இனி என் முறை. எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது, நிற்கவில்லை.

"நானே கேக்கறேனுங்க. நாம கல்யாணம் பண்ணிக்கலாமுங்களா?"

கேட்டுவிட்டேன். என் வாயில் இருந்து வந்தது அது, மேசையின் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தும்விட்டது, இனி அதை எடுக்க முடியாது. அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்புறம் கடலைப் பார்த்தார்.

"அதெல்லாம் வேண்டாமுங்க" என்றார்.

எனக்கு எல்லாம் நின்றுவிட்டது. போச்சு. நாலு மேசை தள்ளி யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள், அது மட்டும் கேட்டது. இவர் பொய் சொல்லாத மனிதர், வாழ்க்கையில் ஒரு வார்த்தையைக்கூட வேறொன்றுக்காகச் சொல்லாத மனிதர், வேண்டாம் என்றால் வேண்டாம்தான், எட்டு மாதத்தில் மனசு ஆறிவிட்டது, திருச்சியில் வீடும் பார்த்தாயிற்று, நான்தான் இந்த வயதில் வெளுத்த மேசைத் துணி முன்னால் உட்கார்ந்து இப்படி. எழுந்து போய்விடலாம், கைப்பை எங்கே. அப்போதுதான் காதுக்குள் அது மறுபடி கேட்டது. வேண்டாமுங்க. பெரம்பூரில் பிறந்து வளர்ந்த மனிதர். நான்கு வருடத்தில் என்னிடம் வேண்டாம் மேடம் என்றுதான் சொல்லியிருக்கிறார், ஒரு தடவைகூட இப்படி எங்கள் ஊர்ப் பேச்சில் முங்க என்று இழுத்ததில்லை. இழுத்தது சரியாகவும் வரவில்லை, இடறுகிறது. நிமிர்ந்து பார்த்தேன். கடலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆனால் கடலைப் பார்க்கிறவர் ஏன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காது மடல் சிவந்திருக்கிறது. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, திருப்பிச் சொல்லிச் சரிபார்க்காமல், சும்மா இருக்கிறார். அந்த இருப்பு எனக்குத் தெரியும். எட்டு மாதம் நான் இருந்தது அது.

கைப்பையைக் கீழே வைத்தேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மறுபடியும் கேட்டேன்.